உடம்பு உறைந்துபோகும் நாட்கள்: கேட்டடோனியா பற்றி விரிவாக

பார்த்த மாத்திரத்தில் ‘நடிக்கிறார்’ என்று சொல்லத் தோன்றும் மனநோய் ஒன்று உண்டென்றால் அது கேட்டடோனியாதான். ஆள் விழித்துத்தான் இருக்கிறார். கண் திறந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஊட்டிய கவளம் விழுங்கப்படாமல் கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கிறது. எழுப்பி உட்காரவைக்கப் பார்த்தால் அதே பலத்தோடு எதிர்க்கிறார். ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை, தலை ஸ்கேனும் சரியாக இருக்கிறது. பிறகென்ன, வீம்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

என் தம்பிக்கு இது வந்தபோது பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சோம்பல் என்றார் ஒருவர். கொடுத்த செல்லம் என்றார் இன்னொருவர். அவனுக்கு அதற்கு முன்பே ஸ்கிட்சோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் இருந்தது. அதனால் ‘நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான்’ என்று சொன்னவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் வீம்பு என்பதைவிட ஆபத்தான முடிவு இதுதான். மனநல மருத்துவத்தில் மிக வேகமாகச் சரிசெய்யக்கூடிய நிலைகளில் கேட்டடோனியாவும் ஒன்று; சிலருக்கு ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் பேச்சு வந்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டாலோ உயிருக்கே உலை வைக்கும். எந்தப் பக்கம் போகும் என்பது பெரும்பாலும் யாராவது அதைச் சரியாக அடையாளம் காண்கிறார்களா என்பதைப் பொறுத்தது. நான் மருத்துவர் இல்லை. அவனுடன் இருந்தபோது பார்த்ததையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டி.எஸ்.எம்-5, கேட்டடோனியாவுக்கு 12 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் 3 இருந்தால் போதும். பேச்சு நிற்பதும் அசைவு நிற்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. குடும்பத்தைக் குழப்புபவை மற்றவைதான். கையை மடக்கிப் பார்த்தால் மெழுகை வளைப்பதுபோல மெல்லிய, ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும். எதிரில் இருப்பவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள்; அவர் செய்வதை அப்படியே செய்வார்கள். காரணமில்லாமல் முகத்தைச் சுளிப்பார்கள், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். உட்காரச் சொன்னால் நிற்பார்கள், வாயைத் திறக்கச் சொன்னால் இறுக்கி மூடிக்கொள்வார்கள். இந்தக் கடைசி அறிகுறிதான் வீம்பு என்ற பட்டத்தை வாங்கிக் கொடுக்கிறது.

தம்பியிடம் நான் பார்த்த, அந்த 12இல் தனியாக இடம்பெறாத ஒன்று உண்டு. வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நிற்பான். உள்ளே வர உடம்பு சாயும், பின்வாங்கும், மறுபடி சாயும். இரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் வந்து எதற்கும் கீழ்ப்படிய முடியாமல் மாட்டிக்கொண்ட உடம்பு அது. அதைப் பார்த்த பிறகு இது நடிப்பாக இருக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. யாராலும் அவ்வளவு நேரம் அப்படி நடிக்க முடியாது.

எல்லா கேட்டடோனியாவும் அசைவற்றதும் இல்லை. காரணமே இல்லாமல், சுற்றி நடப்பதோடு தொடர்பே இல்லாமல், ஓயாமல் ஓடுவதும் கத்துவதும் அடிப்பதுமான வடிவமும் உண்டு. ஒரே ஆளிடம் இரண்டும் மாறி மாறி வரலாம். நாள் முழுக்கச் சிலையாக இருந்தவர் திடீரென்று எழுந்து எதிரே இருப்பவரைத் தள்ளிவிடுவதும் நடக்கும். ‘பார், அசைய முடிகிறதே’ என்று சொல்பவர்கள் இதைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள்.

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் கார்ல் லுட்விக் கால்பாம் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர். கோர்லிட்ஸ் நகரில் மனநல மருத்துவமனை நடத்தியவர். 1874இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவர் பார்வையில் இது தனி நோய். பல கட்டங்களாக வந்துபோவது, குணமாகக்கூடியது. அவருக்குப் பின் வந்த எமில் கிரெப்லின் இதைத் தூக்கி ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்ற பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டார். இளம் வயதில் தொடங்கி அறிவு மங்கிப்போகும் நோய் என்பது அவர் கொடுத்த சித்திரம். ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் அதே பெட்டிக்கு ஸ்கிட்சோஃப்ரினியா என்று புதுப்பெயர் வைத்தார். கேட்டடோனியா அதற்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த நூறாண்டுக்குப் பாடநூல்கள் ‘கேட்டடோனிக் ஸ்கிட்சோஃப்ரினியா’ என்ற உள்வகையாகவே இதைச் சொல்லிக்கொடுத்தன.

இது வெறும் பெயர்ச் சண்டை என்றால் நான் இங்கே இழுத்திருக்க மாட்டேன். ஸ்கிட்சோஃப்ரினியாவின் ஒரு வகை என்று மருத்துவர் நினைத்தால், அவர் கை இயல்பாகவே ஸ்கிட்சோஃப்ரினியா மருந்தைத்தான் எடுக்கும். இங்கே அதுவே கெடுதல் செய்யலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 1970களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ், மைக்கேல் டெய்லர் போன்றவர்கள் கேட்டடோனியா நோயாளிகளை எண்ணிப் பார்த்தபோது, பெரும்பாலோருக்கு இருந்தது ஸ்கிட்சோஃப்ரினியா இல்லை. இருதுருவக் கோளாறு, கடும் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகள். 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 ஸ்கிட்சோஃப்ரினியாவின் உள்வகைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. கேட்டடோனியா எந்த மனநோயோடும் சேர்ந்து வரலாம் என்று தனியாகக் குறிக்க இடம் கொடுத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-11 இதைத் தனித் தொகுதியாகவே வைத்திருக்கிறது. கால்பாம் சொன்னதற்குப் பக்கத்தில் திரும்பி வர ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆகவே ‘கேட்டடோனிக் ஸ்கிட்சோஃப்ரினியா’ என்று பழைய சீட்டில் இருந்தால் அதை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும்: மனச்சிதைவு நோய் இருக்கிறது, அதோடு கேட்டடோனியாவும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, வரிசையும் முக்கியம்.

மனநோயே இல்லாமலும் இது வரும். மூளையழற்சி, வலிப்பு நோய், தன்னெதிர்ப்பு நோய்கள், வளர்சிதை மாற்றக் கோளாறுகள் என்று பட்டியல் நீளம். 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி இவற்றில் முக்கியமானது. நோய் எதிர்ப்புச் சக்தி, மூளைச் செல்களில் வேதிச் செய்திகளை வாங்கும் ஏற்பிகளையே தாக்கும் நோய் அது. இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது, சிலருக்குச் சூலகக் கட்டி அதன் பின்னணியில் இருக்கும். முதல் சில நாட்கள் அச்சு அசலாக மனநோய் போலவே தெரியும். முன்பின் மனநோய் இல்லாத ஒருவர் திடீரென உறைந்துபோனால் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். வீண் செலவு என்று நினைத்துத் தட்டிக்கழிக்க வேண்டாம். பதற்றத்துக்குக் கொடுக்கும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளையோ மனச்சிதைவு நோய்க்கான க்ளோசபைனையோ சட்டென்று நிறுத்தினாலும் கேட்டடோனியா வரலாம். ஆட்டிசம் உள்ள வளரிளம் பிள்ளைகளுக்கும் வரும். ‘அவன் எப்பவுமே அப்படித்தான்’ என்று அங்கே கவனிக்காமல் விடுவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது? வெளியே இருந்து பார்க்கும்போது ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ஆனால் தெளிந்து வந்தவர்கள் பலரும் சொல்வது, தாங்க முடியாத பயத்தைத்தான். ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர் கியோர்க் நார்தாஃப் இப்படித் தெளிந்தவர்களிடம் விசாரித்தார். பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தங்கள் உடம்பு அசைய மறுப்பது நன்றாகவே தெரிகிறது, அதுவே அவர்களை வதைக்கிறது. கேட்டடோனியா நோயாளிகள் அசைவில்லாமல் இருந்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்லவில்லை; தங்களை அமுக்கிய உணர்ச்சியைப் பற்றித்தான் சொன்னார்கள். வேட்டை விலங்கைக் கண்ட சிறு பிராணி அசைவற்றுப் போகுமே, அந்தப் பழைய தற்காப்பு மனிதரிடம் இப்படி எட்டிப் பார்க்கிறது என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

தம்பி தெளிந்து சில வாரம் கழித்து ஒருநாள் அவனாகவே சொன்னான்: “அக்கா, நான் அசைஞ்சா வீட்டுல யாராவது செத்துருவீங்கன்னு இருந்துச்சு.” அவ்வளவுதான். எங்களைக் காப்பாற்றத்தான் அத்தனை நாள் அசையாமல் நின்றிருக்கிறான். அவன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று யார் என்ன பேசினார்கள் என்பதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது, வரி பிசகாமல். கேட்டடோனியாவில் இருப்பவருக்குக் காது கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். என்ன ஊசி போடப்போகிறோம், ஏன் தூக்கி உட்காரவைக்கிறோம் என்று பதில் வராவிட்டாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் முன்னால் செலவுக் கணக்கும் எதிர்காலக் கவலையும் வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு இன்னமும் வியப்பு. 1996இல் வெளியான புஷ்–ஃப்ரான்சிஸ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 23 கூறுகள். முதல் 14இல் 2 தென்பட்டாலே மேற்கொண்டு சோதிக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை, ஒரு மருத்துவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். பேசிக்கொண்டே இருக்கும்போது மருத்துவர் தன் தலையைப் பகட்டாகச் சொறிந்துகொள்வார். நோயாளியும் சொறிகிறாரா என்று பார்ப்பார். “எனக்குக் கை கொடுக்கவே கூடாது” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். நீட்டிய கைக்கும் சொன்ன சொல்லுக்கும் நடுவே நோயாளி தடுமாறுகிறாரா என்பது கணக்கு. சட்டைப் பைக்குள் கையை விட்டு, “நாக்கை நீட்டுங்கள், ஊசியால் குத்தப்போகிறேன்” என்பார். நாக்கு நீண்டால் அது எந்திரத்தனமான கீழ்ப்படிதல். “உங்கள் கையை நான் தூக்க விடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு ஒற்றை விரலால் கைக்கு அடியில் லேசாகத் தொடுவார்; சொன்னதை மீறிக் கை தானாக மேலே வரும். வாசற்படியில் நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தடுமாற்றத்தை வரவழைத்து எண் போடுகிற முறை இது. மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்படுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கேட்டடோனியா அறிகுறிகள் இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. தேடினால்தான் கிடைக்கும்.

அடுத்து லோராசெபாம் சோதனை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அதே மருந்துதான். முதலில் அளவுகோலில் மதிப்பெண் எழுதிக்கொள்வார்கள். 1 அல்லது 2 மில்லிகிராம் கொடுப்பார்கள். நரம்பு வழியே போட்டால் 5 நிமிடத்தில், தசையில் போட்டால் கால் மணி நேரத்தில், வாய்வழி கொடுத்தால் அரை மணி நேரத்தில் மறுபடி மதிப்பெண் எழுதுவார்கள். மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் சோதனைக்கு விடை கிடைத்தது. தூங்கவைக்கும் மருந்து இந்த ஆளை எழுப்புகிறது! தம்பிக்குப் போட்ட அன்று முதலில் அவன் தோள் இறங்கியது, பிறகு கண் சுற்றிப் பார்த்தது, பிறகு தண்ணீர் கேட்டான். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இந்த அதிசயம் புதிதும் இல்லை. 1930இலேயே அமெரிக்க மருத்துவர் வில்லியம் ப்ளெக்வென், அமோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தை ஊசியாகப் போட்டதும் உறைந்திருந்தவர்கள் சில மணி நேரம் பேசி, நடந்து, சாப்பிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டு மருந்தும் மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள் மூலம்தான் வேலை செய்கின்றன. பயத்தையும் அசைவையும் கட்டுப்படுத்தும் சுற்றுகளில் எங்கோ காபாவின் பிடி தளர்ந்திருக்கிறது என்பது இப்போதைய விளக்கங்களில் முக்கியமானது.

முதல் ஊசியின் பலன் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வேளைக்கு வேளை தொடர்ந்து கொடுத்து, பலன் தெரியும்வரை ஏற்றுவார்கள். சாதாரணப் பதற்றத்துக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு, நாளுக்கு 8 முதல் 24 மில்லிகிராம் வரைகூடப் போகலாம். மூச்சையும் மயக்கத்தையும் கண்காணித்துக்கொண்டு மருத்துவமனையில் மட்டுமே செய்கிற காரியம் இது. தயங்கித் தயங்கிக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று கைவிடுவதும் நடக்கிறது. பல ஆண்டு மனச்சிதைவு நோயோடு சேர்ந்த கேட்டடோனியாவில் லோராசெபாமின் பலன் மனநிலைக் கோளாறுகளில் இருக்கும் அளவுக்கு இருப்பதில்லை என்பதும் உண்மை. தம்பிக்கு முழுமையாகக் கேட்கவில்லை. பாதி வழியில் நின்றது.

இனி நான் முன்பு தள்ளிவைத்த விஷயம். மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் பெரும்பாலும் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை அடைக்கின்றன. ஹாலோபெரிடால் போன்ற பழைய, வலுவான மருந்துகள் இன்னும் கூடுதலாக. கேட்டடோனியா இருக்கும்போது இவற்றைக் கொடுத்தால் இறுக்கம் கூடலாம். நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோம் என்கிற உயிர்கொல்லி எதிர்விளைவும் வரலாம். காய்ச்சல், ஈயக் குழாய்போல இறுகிய தசை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம், வியர்வை, குழப்பம் எல்லாம் சேர்ந்து வருவது அது. நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் ‘நோய் அதிகமாகிவிட்டது’ என்று ஹாலோபெரிடால் அளவைக் கூட்டினார்கள். அவன் மரம்போல ஆனான். மருந்தே இல்லாமலும் கேட்டடோனியா அதே வடிவத்துக்குப் போகலாம். 1934இல் ஷ்டவ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை உயிர்கொல்லும் கேட்டடோனியா என்றே அழைத்தார். உறைந்திருப்பவருக்குக் காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கான விஷயம்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் அசையாத உடம்பு தன்னையே கெடுத்துக்கொள்ளும். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் போவது, இதில் இறப்புக்கு ஒரு முக்கியக் காரணம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா, நீரிழப்பு, சிறுநீர் கட்டிக்கொள்வது, படுக்கைப் புண், மூட்டு இறுகிப்போவது எல்லாம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க ஊசி, மூக்குவழிக் குழாய், மணிக்கணக்கு பார்த்துத் திருப்பிப் படுக்கவைப்பது, கைகால் நீட்டி மடக்குவது என்று செவிலியர்கள் செய்தவைதான் தம்பியை அடுத்த கட்ட சிகிச்சைவரை கொண்டு சேர்த்தன. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டினால் ரத்தத்தின் உப்புச் சமநிலை குலையும் ஆபத்து உண்டு என்பதை அங்கேதான் கற்றேன். பாசத்தில் திணிக்கக் கூடாது.

மின் அதிர்வு சிகிச்சை என்று சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். திரையில் பார்த்த காட்சிகள் எல்லோர் மனதிலும் இருக்கின்றன. கதையின் தொடக்கம் என்னவோ கேட்டடோனியாவில்தான் இருக்கிறது. 1934இல் புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடுனா கற்பூர ஊசியால் வலிப்பை உண்டாக்கிச் சிகிச்சை செய்த முதல் நோயாளி, பல ஆண்டுகள் கேட்டடோனியாவில் கிடந்தவர். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அதே வலிப்பை மின்சாரத்தால் வரவழைத்தார்கள். அன்று மயக்க மருந்து கிடையாது, எலும்பு முறிந்த கதைகளும் பொய்யில்லை. இப்போது சில நிமிட மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து, ஆக்சிஜன் எல்லாம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். வலிப்பு மூளையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடுகிறது. வெளியே கால்விரல் துடிப்பதைத் தவிர அதிகம் தெரியாது. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை செய்வார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் தினமும்கூட. லோராசெபாம் கேட்காத கேட்டடோனியாவுக்கு இதைவிட நம்பகமான சிகிச்சை இன்று வேறு இல்லை.

விலையும் உண்டு. தலைவலி, தாடை வலி, கொஞ்ச நேரக் குழப்பம். சிகிச்சை நடந்த காலத்தின் நினைவுகள் விட்டுவிட்டுப் போவது. தம்பிக்கு அந்த வாரங்களில் யார் வந்து பார்த்தார்கள் என்பது நினைவில் இல்லை. அதற்கு முன்னால் உறைந்து கிடந்த நாட்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எதை மறப்பது என்று தேர்ந்தெடுக்க விட்டிருந்தால் மாற்றித்தான் கேட்டிருப்பான்.

கேட்டடோனியா விலகிய பிறகு மனச்சிதைவு நோய்க்கான மருந்தை மறுபடி தொடங்க வேண்டும். அது இல்லாமல் முடியாது. டோபமினை மென்மையாகத் தொடும் மருந்துகளை, குறைந்த அளவில், பெரும்பாலும் லோராசெபாமின் பாதுகாப்போடு தொடங்குவார்கள். க்ளோசபைன் இந்தக் கூட்டத்தில் தனி மதிப்புள்ளது. தம்பிக்கு இப்போது அதுதான், ஒழுங்கான ரத்தப் பரிசோதனைகளோடு. லோராசெபாமை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ‘தூக்க மாத்திரை பழக்கமாகிவிடும்’ என்று பயந்து வீட்டிலேயே நிறுத்தினால் கேட்டடோனியா திரும்பிவரும் என்று மருத்துவர் எங்களிடம் இரண்டு முறை சொன்னார்.

மறுபடி வரக்கூடும் என்பதால் ஆரம்ப அறிகுறிகளை வீட்டில் தெரிந்துவைத்திருக்கிறோம். எங்கள் தம்பிக்குப் பேச்சு நிற்பதற்கு முன்னால் வேகம் குறையும்: பல் தேய்க்க எடுத்த பிரஷ் கையிலேயே நிற்கும், கேட்ட கேள்விக்குப் பதில் வெகுநேரம் கழித்து வரும். ஒவ்வொருவருக்கும் இது வேறாக இருக்கும், கவனித்து எழுதிவையுங்கள். முடிந்தால் கைப்பேசியில் சிறு காணொளி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் ஆள் கொஞ்சம் இயல்பாகத் தெரிந்துவிடலாம். அவனுடைய கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று வரி ஒட்டியிருக்கிறோம்: முன்பு கேட்டடோனியா வந்தது, ஹாலோபெரிடாலில் மோசமானது, லோராசெபாமுக்கு ஓரளவும் மின் அதிர்வு சிகிச்சைக்கு நன்றாகவும் பலன் இருந்தது. நள்ளிரவில் பணியில் இருக்கும், அவனை முன்பின் பார்த்திராத ஒரு மருத்துவர் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.